வியன்னாக் காளானும் நெற்கட்டும்செவலும்

1740-ம் வருடம், அக்டோபர் 20. வியன்னாவில் ஒரு சக்கரவர்த்தி செத்துப்போனார். ஆறாம் சார்லஸ் என்று பெயர். முந்தைய வாரம் சாப்பிட்ட காளான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசாதான் அரியணை ஏறியாக வேண்டும். பெண்ணாவது, ஆள்வதாவது என்று அக்கம்பக்கத்து ராஜாக்கள் ஆளுக்கொரு துண்டு நிலத்தைப் பிடுங்கக் கிளம்ப, ஐரோப்பா முழுக்கப் பற்றிக்கொண்டது. எட்டு வருடச் சண்டை. பிரான்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்து எதிர்ப்பக்கம்.

சரி, வியன்னாவில் யாரோ காளான் சாப்பிட்டால் நமக்கென்ன?

நமக்குத்தான். அதிலும் குறிப்பாகத் திருநெல்வேலிக்காரர்களுக்கு. அந்தக் காளான் சமாசாரம் நம்மூர் வரைக்கும் வந்து சேரப் பதினைந்து வருடம் ஆனது. வந்தபோது சங்கரன்கோவில் பக்கத்தில், மண் கோட்டையும் பனங்காடும் கரிசலும் செவலுமாகக் கிடந்த ஒரு சின்ன ஊர் மேல் பீரங்கிக் குண்டாக விழுந்தது. ஊரின் பெயர் நெற்கட்டும்செவல். அதன் பாளையக்காரர், பூலித்தேவர்.

லெபனான் என்று ஒரு நாடு இருக்கிறது, தெரியும் அல்லவா? மொத்தம் பத்தாயிரத்து நானூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர். 1986-ல் தூத்துக்குடி பிரிந்து போவதற்கு முன்னால் இருந்த பழைய திருநெல்வேலி ஜில்லாவைவிடக் கொஞ்சம் சின்னது! இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த பெரிய யுத்தங்களில் 1948-க்குப் பிறகு லெபனான் ஒதுங்கியேதான் நின்றது. 1967-ல், 1973-ல் எல்லாம் அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் 1970-ல் ஜோர்டான் தன் மண்ணிலிருந்த பாலஸ்தீனப் போராளிகளை அடித்துத் துரத்தித் தன் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டபோது, அவர்கள் வந்து இறங்கிய இடம் லெபனான். 1979-ல் எகிப்தும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தம் போட்டன. உலகமே கை தட்டியது. 1982 ஏப்ரலில் இஸ்ரேல் சினாய் பாலைவனத்தை எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்து முடித்தது. தெற்கே இனிமேல் கவலை இல்லை. ஜூன் மாதம் அதன் டாங்குகள் வடக்கே லெபனானுக்குள் இருந்தன.

பெரியவர்கள் அடித்துக்கொண்டால் சின்னவனுக்குக் கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரியவர்கள் சமாதானமாகிவிட்டால் அதைவிடக் கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். திருநெல்வேலிச் சீமை அதை ஐம்பது வருடம் அனுபவித்தது.

முதலில் பாளையம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில், தளவாய் அரியநாத முதலியாரின் ஏற்பாட்டில், தெற்குச் சீமை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. பாளையக்காரர் தன் எல்லைக்குள் வரி வாங்கிக்கொள்ளலாம், வழக்குத் தீர்க்கலாம், காவல் காக்கலாம். மதுரைக்குக் கப்பம் கட்ட வேண்டும், கூப்பிட்டால் ஆளோடும் ஆயுதத்தோடும் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் உறவு.

தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நஞ்சை அநேகமாகப் பாளையக்காரர்கள் கையில் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாபநாசத்திலிருந்து ஆத்தூர் வரை ஆற்றங்கரை ஓரமாக இருக்கும் நெல் வயல்கள் சர்க்கார் நிலம். பாளையங்கள் இருந்தது வானம் பார்த்த பூமியில். மேற்கே மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள்: சிவகிரி, சேத்தூர், ஊற்றுமலை, நெற்கட்டும்செவல். கிழக்கே கரிசல் காட்டில் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள்: பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் இத்யாதி. இந்த இரண்டு கோஷ்டிக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. பின்னால் வரப்போகும் விபரீதங்களுக்கு இதுவும் ஒரு காரணம். வெளியூர்க்காரன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. ராணி மீனாட்சியிடமிருந்து ராஜ்ஜியத்தைப் பறித்தவர் சந்தா சாகிப். ஆற்காட்டு நவாப் தோஸ்து அலியின் மருமகன். நாலே வருடம். 1740 மே மாதம் மராட்டியப் படை தமல்செருவுக் கணவாயில் தோஸ்து அலியைக் கொன்றது. அடுத்த வருடம் திருச்சி விழுந்து, சந்தா சாகிப்பைக் கைதியாகச் சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஹைதராபாத் நிஜாம் வந்து, அன்வருதீன் என்ற புதிய ஆளை நவாப் ஆக்கிவிட்டுப் போனார். இந்தக் குழப்பத்தில் திருநெல்வேலிப் பாளையக்காரர்களிடம் கப்பம் கேட்க யார் வருவது? வந்தவனுக்குக் கொடுத்தார்கள், வராதவனுக்குக் கொடுக்கவில்லை.

இப்போது வியன்னாவுக்குப் போகலாம். அங்கே ஆரம்பித்த சண்டை, கப்பலேறி 1746-ல் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். தன் எல்லைக்குள் வெள்ளைக்காரர்கள் அடித்துக்கொள்வதா என்று நவாப் அன்வருதீன் கோபப்பட்டு, மூத்த மகன் மாபூஸ்கான் தலைமையில் பத்தாயிரம் பேரை அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சு, இந்தியச் சிப்பாய்கள் அந்தப் படையை ஓட ஓட விரட்டினார்கள். பயிற்சி பெற்ற நூறு துப்பாக்கி, பயிற்சி இல்லாத ஆயிரம் குதிரைக்குச் சமம் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. மாபூஸ்கானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் கழித்து அவர் நெல்லைக்கு வருவார்.

1748-ல் ஐரோப்பாவில் சமாதானம். கனடாவில் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுத்து, சென்னையை இங்கிலாந்து திரும்ப வாங்கிக்கொண்டது. பண்டமாற்று! ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய சிப்பாய்கள்? சம்பளம் கொடுத்துச் சும்மா உட்காரவைக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. வாடகைக்கு விட்டார்கள்.

அதற்கு ஆளும் தயாராக இருந்தது. சதாராவிலிருந்து விடுதலையாகி வந்த சந்தா சாகிப், நவாப் பட்டம் எனக்குத்தான் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பக்கம். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். மாபூஸ்கான் பிடிபட்டார். இளைய மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிப்போய், கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷ் கம்பெனியைக் கூப்பிட்டார். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தது, 1752-ல் சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டது எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்.

பாடப் புத்தகத்தில் அவ்வளவாக இல்லாத விஷயம் ஒன்று உண்டு. பில்!

கம்பெனி சும்மா வந்து சண்டை போடவில்லை. சிப்பாய் சம்பளம், குண்டு, மருந்து, மாட்டு வண்டி, அரிசி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி முகமது அலியின் பெயரில் வைத்தது. அவரிடம் கையில் காசு இல்லை. ஆற்காட்டுச் சீமையே பாதி அழிந்து கிடந்தது. ஆகவே இன்னும் தன் கைக்கு வராத மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டிவிட்டார். அடுத்த தெருப் பங்காளிகள் கேஸ் நடத்துகிறார்கள், வக்கீல் ஃபீஸுக்கு உங்கள் வயலை அடமானம் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸில் நீங்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சாட்சிகூட இல்லை.

அடமானச் சொத்தைக் கைப்பற்ற உடனே வர முடியவில்லை. காரணம், பிரெஞ்சுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அது நடந்தவரை நெற்கட்டும்செவலுக்கு ஆபத்து இல்லை. 1755 ஜனவரியில் சென்னையும் புதுச்சேரியும் தற்காலிக சமாதானம் செய்துகொண்டன. பிப்ரவரியில் கர்னல் ஹெரான் தெற்கே கிளம்பிவிட்டார். ஐந்நூறு ஐரோப்பியர், இரண்டாயிரம் சிப்பாய்கள், பீரங்கிகள். நவாப் தரப்பில் அவர் அண்ணன் மாபூஸ்கான். ஆமாம், அடையாற்றில் ஓடிய அதே மாபூஸ்கான்தான். சிப்பாய்களுக்குத் தலைவன் யூசுப்கான். ராமநாதபுரம் பனையூரில் பிறந்து, மருதநாயகமாக வளர்ந்து மதம் மாறியவர் என்று சொல்லப்படும் மாவீரர்.

ஹெரான் ராணுவம் நடந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடி என்ற இடத்தில் கோயிலுக்குள் புகுந்து, சின்னச் சின்ன உலோக விக்கிரகங்களை மூட்டை கட்டினார்கள். பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரம் வேறு. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டை. கப்பம் கட்டவில்லை என்று பதினெட்டு மணி நேரம் படையை நடக்கவைத்துப் போய்ச் சேர்ந்து, உள்ளே புகுந்து வெட்டினார்கள். ஆண், பெண், குழந்தை வித்தியாசம் இல்லை. நானூறு பேரில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். இதை எழுதி வைத்தவர் ஏதோ நம்மூர் நாட்டுப்புறப் பாடகர் அல்ல. கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். அவருக்கு மிகைப்படுத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அந்த நானூறு பேரில் யாருக்காவது சந்தா சாகிப் என்ற பெயர் தெரிந்திருக்குமா? டூப்ளே? மரியா தெரசா?

இந்தச் செய்தி பரவியதும் சிலர் பயந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் கொஞ்சம் பணமும், மீதிக்குப் பிணையாக ஆட்களும் கொடுத்தன. (இது பின்னாளில் தூக்கில் தொங்கிய வீரபாண்டிய கட்டபொம்மன் அல்ல. அவருடைய வம்சத்து முன்னவர்.) மே மாதம், மதுரைக்குத் திரும்பும் வழியில், ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் நின்றார். இருபதாயிரம் ரூபாய் கேட்டார். பூலித்தேவர் முடியாது என்றார்.

முரட்டுத்தனமாகச் சொன்ன பதில் இல்லை அது. கணக்குப் போட்டுச் சொன்னது. கோட்டைச் சுவரை உடைக்கிற பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி. தின்ன அரிசி போதாது. இதெல்லாம் கோட்டைக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. ஹெரான் வெறுங்கையோடு புறப்பட்டுப் போனார். போகிற வழியில், நத்தம் கணவாயில், கோவில்குடி விக்கிரகங்களுக்காகக் காத்திருந்த கள்ளர்கள் படையின் வாலைப் பிடித்து நையப் புடைத்து, சாமிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சென்னை போய்ச் சேர்ந்த ஹெரானை விசாரித்து வேலையை விட்டு நீக்கினார்கள்.

நெல் கட்டும் செவல், நெல் கட்டான் செவல் ஆனது இப்படித்தான் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

போகும்முன் ஹெரான் ஒரு வேலை செய்திருந்தார். மதுரை, திருநெல்வேலி இரண்டையும் வருடத்துக்குப் பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். பதினைந்து லட்சத்துக்கு அவர் எங்கே போவார்? வயலுக்குத்தான். ஆற்றங்கரை நெல்லைச் சுரண்டினார்கள். பாளையங்களைப் பிழிந்தார்கள்.

பூலித்தேவர் இதற்குள் கூட்டணி கட்டிவிட்டார். மேற்குப் பாளையங்கள் எல்லாம் ஒரு அணி. சந்தா சாகிப் காலத்து மிச்சமாகத் தெற்கே தங்கிவிட்ட மூன்று பட்டாணித் தளபதிகளும் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் மூடேமியா என்பவர் ஏற்கெனவே களக்காட்டுச் சீமையைத் திருவிதாங்கூருக்கு விற்றவர். யார் நிலத்தை யார் விற்பது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அடுத்தவன் நிலத்தைத்தான் விற்றார்கள்.

களக்காடு மலையடிவார நஞ்சை, நல்ல விளைச்சல். அதன் மேல் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவுக்கு வெகுநாள் கண். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களையே தோற்கடித்தவர். ஆகவே திருவிதாங்கூர்ப் படையும் பூலித்தேவர் பக்கம் வந்தது. எதிரணியில் மாபூஸ்கான், கூடவே பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம். மறவரும் நாயக்கரும் பழைய பகையை நவாப் கொடியின் கீழே நின்று தீர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1756 மார்ச் 21-ந் தேதி திருநெல்வேலிக்குச் சில மைல் தள்ளிப் பெரிய சண்டை. மூடேமியா செத்தார். பூலித்தேவர் பின்வாங்கினார். ஆனாலும் மாபூஸ்கானால் பணம் கட்ட முடியவில்லை. கம்பெனி அவரை ஓரம்கட்டி, யூசுப்கானை அனுப்பியது.

அடுத்து நடந்ததைக் கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். குத்தகை போன ஆத்திரத்தில் மாபூஸ்கான், தம்பி முகமது அலிக்கும் கம்பெனிக்கும் எதிராகக் கிளம்பி, கடைசியில் அடைக்கலம் கேட்டுப் போன இடம் நெற்கட்டும்செவல்! இரண்டு வருடம் முன்னால் எந்தக் கோட்டையின் முன்னால் நின்று கப்பம் கேட்டாரோ, அதே பூலித்தேவரிடம். அவரும் சேர்த்துக்கொண்டார். ஒரு நவாப் மகன் கையில் இருந்தால் கிளர்ச்சி என்று சொல்ல மாட்டார்கள், வாரிசுச் சண்டை என்று சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இதில்தான் சிக்கலும் இருக்கிறது. இதுவரை மற்றவர்கள் சண்டை அவர் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது அதை அவரே உள்ளே கூட்டிவந்து திண்ணையில் உட்காரவைத்துவிட்டார். வேறு வழி இருந்ததா? கப்பம் கட்டிவிட்டு எட்டயபுரம் மாதிரி இருந்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பம் கட்டிய பாஞ்சாலங்குறிச்சியின் கதை என்னவென்று பின்னால் பார்க்கத்தான் போகிறோம்.

1756-ல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் தொடங்கியது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட, கம்பெனி யூசுப்கானை அவசரமாக வடக்கே கூப்பிட்டது. அவர் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், இந்தப் பக்கம் பாளையங்கள் நிமிர்ந்துவிட்டன. மாபூஸ்கான் மறுபடியும் நவாப் கனவு கண்டார். சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் முடிந்தது. யூசுப்கான் திரும்பி வந்தார். எடுத்தவுடன் கத்தியை எடுக்கவில்லை, பேச்சுவார்த்தை. ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் ராஜாவைச் சந்தித்தார். மார்த்தாண்ட வர்மா இறந்து, ராமவர்மா பட்டத்துக்கு வந்திருந்த நேரம். களக்காடு உங்களுக்கு, பூலித்தேவர் எனக்கு. பேரம் படிந்தது. நேற்று வரை கூட்டாளி, இன்று எதிரி. எவ்வளவு மலிவாக முடிந்தது பாருங்கள்.

டிசம்பரில் யூசுப்கானும் திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்து வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினார்கள். பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து ஆட்களோடு ஓடிவந்து, முற்றுகையிட்டவர்களின் முகாமையே முதுகுப்பக்கமிருந்து அடித்தார். யூசுப்கானின் வெடிமருந்து தீர்ந்தது. வெறுங்கையோடு திரும்பினார். அந்த மாதிரி மண் கோட்டையை உடைப்பது சுலபம் இல்லை. குண்டு பட்டால் கல் சுவர் பிளக்கும், பனைநாரும் வைக்கோலும் குழைத்த மண் சுவரில் குண்டு போய்ப் புதையும்.

1760-ல் டச்சுக்காரர்களும் தங்கள் பங்குக்கு இலங்கையிலிருந்து மணப்பாட்டில் வந்து இறங்கி ஆழ்வார்திருநகரி வரை போனார்கள். யூசுப்கான் விரட்டிவிட்டார். தாமிரபரணிக் கரையில் கால் வைக்காத ஐரோப்பியன் யாராவது பாக்கி உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரெஞ்சுச் சண்டை தமிழ்நாட்டில் முடிந்துவிட்டது. சென்னையில் கொண்டாட்டம். ஆளும் மருந்தும் இனிமேல் தெற்கே திரும்பலாம். நான்கே மாதம். மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசம். பூலித்தேவர் தப்பிப்போனார்.

1763 பிப்ரவரியில் பாரிஸ் நகரத்தில் ஏழாண்டுப் போரை முடித்துவைக்கிற ஒப்பந்தம் கையெழுத்தானது. கனடா யாருக்கு, புளோரிடா யாருக்கு என்றெல்லாம் பேசுகிற அந்தத் தாளில், பதினோராவது ஷரத்தில், முகமது அலிதான் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று இரண்டு ராஜாங்கமும் ஒப்புக்கொள்கிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியில் திருநெல்வேலியும் அடக்கம். அந்த வரி எழுதப்பட்ட நேரத்தில் யூசுப்கானே மதுரையில் நவாபுக்கு எதிராகக் கிளம்பி, கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றியிருந்தார். யாருடைய கொடியை ஏற்றினாரோ அவர்கள் பாரிஸில் அவரைக் கைகழுவிவிட்டார்கள். 1764-ல் கூடவே இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷான் அவரைக் காட்டிக்கொடுக்க, அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கில் போட்டார்கள். பூலித்தேவரின் கோட்டையை உடைத்தவருக்கு அவரைவிட மூன்று வருடம்தான் கூடுதல்.

அந்த இடைவெளியில் பூலித்தேவர் திரும்பி வந்து மறுபடியும் கோட்டை கட்டினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வந்து அதையும் இடித்தார். அதற்குப் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார்? பிடித்துக் கொண்டுபோகும் வழியில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சங்கரன்கோவில் சங்கரநாராயணர் சந்நிதிக்குள் போனவர் அப்படியே ஜோதியில் கலந்துவிட்டார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். கோயிலில் அந்த இடத்தைக் காட்டுவார்கள். கம்பெனிக் காகிதம் எதுவும் இதற்குச் சாட்சி சொல்லாது. சொல்லாவிட்டால் போகட்டும்.

கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி? அதற்குக் காரணம் அமெரிக்கா! நிஜமாகத்தான். 1776-ல் அமெரிக்கா சுதந்திரம் அறிவித்தது. அந்தக் கலகக்காரர்களோடு டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்கிறார்கள் என்று இங்கிலாந்து 1780 கடைசியில் ஹாலந்து மேல் போர் தொடுத்தது. தூத்துக்குடி அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1782-ல் கம்பெனி அதைப் பிடித்தது. இன்னொரு பக்கம் ஹைதர் அலியோடும், அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்களோடும் சண்டை. தெற்கே பாளையங்களைக் கவனிக்க ஆள் இல்லை. 1783 ஜூலையில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களோடு போர் நிறுத்தம். இதற்குள் உங்களுக்கே பழகியிருக்கும், அடுத்த வரியை நான் எழுத வேண்டியதில்லை. ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் இருந்தார். உள்ளே தேடியபோது, கொழும்பு டச்சு அரசாங்கமும் கட்டபொம்மு நாயக்கரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலப் பத்திரம் கிடைத்தது. அங்கிருந்து புல்லர்ட்டன் நேராகச் சிவகிரிக்குப் போனார்.

1799-ல் திப்பு சுல்தானோடு கடைசிச் சண்டை. தெற்கே இருந்த படைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போயின. மே 4-ந் தேதி திப்பு விழுந்தார். செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி வாசலில். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் கட்டபொம்மன். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வந்து நடத்திய யுத்தம் தனி அத்தியாயம், இன்னொரு வாரம் பேசலாம்.

முகமது அலியின் கடன் என்ன ஆனது? அது அடையவே இல்லை. கம்பெனிக் கடனைக் கட்ட, சென்னையிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனியாக வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன். பால் பென்ஃபீல்ட் போன்றவர்கள் அதிலேயே கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் இதைப் பற்றி மட்டுமே மணிக்கணக்கில் பேசினார். 1795-ல் முகமது அலி காலமானார். 1801-ல் நவாப் ராஜ்ஜியத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டது. உடனே, நவாப் எனக்குத் தரவேண்டும், எனக்குத் தரவேண்டும் என்று கூட்டம் கூடியது. 1805-ல் கமிஷன் போட்டார்கள். பத்திரம் பத்திரமாகப் புரட்டிப் பார்க்கவே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. கடன்காரர்கள் கேட்ட மொத்தத் தொகை மூன்று கோடிப் பவுனுக்கு மேல். அதில் நியாயமானது என்று கமிஷன் ஏற்றுக்கொண்டது சுமார் இருபத்தேழு லட்சம் பவுன். மீதியெல்லாம் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்.